பேண்டேஜ் கேட்ட நாட்டைக் காணோம்

"நாம பேண்டேஜ் சுத்தி அனுப்புற நாடு இப்ப இல்லையாம் மதினி."

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொன்னாள். சோவியத் யூனியன் கலைந்த செய்தியை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை மடித்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். இருவர் தலையிலும் பஞ்சுத் தூசி.

"இல்லைன்னா எங்கட்டி போச்சு? கடல் கொண்டுபோயிருச்சா?"

"தனித்தனி நாடாப் பிரிஞ்சிருச்சாம். சூப்பர்வைசர் சொன்னாரு."

"அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரியா? அப்ப நம்ம சரக்கு யார் பங்குக்கு?"

"அதான் தெரியலை. குடோன்ல பெட்டி அம்புட்டுலயும் பழைய பேருதான். காலையில அழிங்கன்னாக. பொறவு அழிக்காதீகன்னாக."

"பாதிய அழிச்சிட்டமேட்டி!"

"அதுக்குத்தான் சூப்பர்வைசர் தலையில கைய வச்சு உக்காந்திருக்காரு."

கண்டக்டர் வந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு," என்றாள் மதினி. "அது இருக்குல்லா?"

கண்டக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

"சிரிக்காதட்டி. திங்கக்கிழமை வேலை உண்டா, இல்லையா? இல்லைன்னா நான் பழையபடி தேவதானத்துக்குக் களையெடுக்கத்தான் போகணும்."

"மொதலாளிகிட்டயே கேட்டேன் மதினி."

"என்ன சொன்னாரு?"

"'செத்த இரும்மா, நியூஸ் முடியட்டும்'னு சொல்லிட்டு ரேடியோ முன்னால உக்காந்தாரு. நாம கெளம்புற வரைக்கும் எந்திரிக்கலையே."