பதினாலாம் கட்டில் சொல்லிக்கொடுத்த தமிழ்

காலை ஐந்தேகால் மணி. மார்கழிப் பனி. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்து... ஒரு பக்கம் ஹாஸ்டல் மதில், மறுபக்கம் முள்செடி மண்டிய காலி மனை. தெருநாய்கூட இல்லை. இரண்டு பெண்கள் மட்டும் நடந்து வருகிறார்கள்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார், சூர்யா. கதையின் பாதியில் பாத்ரூம் போகிறேன் என்று ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் பெயரையும் கேட்காதீர்கள். நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்.

அந்த இருவரில் ஒருத்தி கிருபா. இதோ உட்கார்ந்திருக்கிற சத்யபிரியாவின் பெரியம்மா மகள். நர்ஸிங் கடைசி வருஷம். இன்னொருத்தி இங்ரிட், நார்வேயிலிருந்து வந்த நர்ஸிங் மாணவி. நான்கு வாரம் நம்மூர் வார்டில் வேலை பழகவும், நம் ஜனங்களைத் தெரிந்துகொள்ளவும் வந்திருந்தாள். அதற்கு மாற்றாக இங்கிருந்து ஒரு மாணவி நார்வே போவாள். அந்த ஒருத்தி கிருபாதான். பாஸ்போர்ட்கூட வந்தாகிவிட்டது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா, ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தார்.

இங்ரிட்டின் கையில் எப்போதும் ஒரு நீல நோட்டு இருக்கும். காதில் விழும் தமிழையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்வாள். 'வலிக்குதா?', 'சாப்ட்டீங்களா?' எல்லாம் கிருபா சொல்லிக்கொடுத்தவை. அன்றைக்கு அந்தச் சந்தில் இங்ரிட் புதிதாக ஒன்று சொன்னாள்.

"ஒடம்பு கொதிக்குது கண்ணு. கைய தொட்டுப் பாரு."

கிருபா அப்படியே நின்றுவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். பதினாலாம் கட்டில் அம்மா என்றாள் இங்ரிட், சாதாரணமாக. ஆறு மணிக்கு நாடி பார்க்கப் போகும்போது பேசுகிறார். கை நெருப்பாய்ச் சுடுகிறது. அவர்மேல் எப்போதும் ஈர சிமெண்ட் வாசம்...

பதினாலாம் கட்டில் மூன்று வாரமாகக் காலி. மெத்தையைக்கூடச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஊரப்பாக்கத்தில் சித்தாள் வேலை பார்த்த செல்லம்மா, காய்ச்சலோடு அந்தக் கட்டிலில் கிடந்தாள். கிருபாவுக்கு நைட் டியூட்டி. காலை ஒன்பது மணிக்கு நார்வே போவதற்கான இன்டர்வியூ. மூலை மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அந்த வார்டில் மணி கிடையாது. ஆள் வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார்கள். டங்... டங்... நான்கு மணிக்கு எழுந்து போனாள். "ஒடம்பு கொதிக்குது கண்ணு. கைய தொட்டுப் பாரு" என்றாள் செல்லம்மா. "தோ வரேம்மா" என்று திரும்பி வந்தவள்தான், மறுபடி போகவில்லை. டங்... டங்... ஐந்தரைக்குச் சத்தம் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு ஒவ்வொரு நோயாளியின் கையையும் பிடித்து, ஒரு நிமிடம் முழுசாக நாடி எண்ணிச் சீட்டில் எழுத வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. நர்ஸிங் படித்தவர்கள் யாரையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், சிரிப்பார்கள். கிருபாவும் எழுதினாள். செல்லம்மா. காய்ச்சல் இல்லை. நாடி எழுபத்தாறு.

ஏழு மணிக்கு அடுத்த டியூட்டிக்கு வந்தவள் போர்வையை விலக்கினாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. ஆறு மணிவரை எல்லாம் சரியாக இருந்திருக்கிறது, திடீரென்று இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் முடித்துவிட்டார். அந்தச் சீட்டு கிருபாவைக் காப்பாற்றியது. செல்லம்மாவின் மகன் மாரி வந்து அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கடைசி வரிக்கும் நீதான் பாத்துகினியாமே. நல்லா இருப்பம்மா."

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாமே, பாவி! தலையை ஆட்டிவிட்டு இன்டர்வியூவுக்குப் போனாள்.

இப்போது அந்தச் சந்தில் இங்ரிட் கேட்கிறாள், அதற்கு என்ன அர்த்தம்? கிருபா யோசிக்கவே இல்லை. 'நன்றி' என்று அர்த்தம் என்றாள்.

மறுநாள் நோட்டில் இன்னொரு வரி. 'கூப்ட்டேன், வரல.' அதுவும் நன்றிதான், வயசானவர்கள் சொல்கிற நன்றி என்றாள் கிருபா. அதற்கு அடுத்த நாள், 'தட்டித் தட்டி கை ஓஞ்சி போச்சி.' அதுவும் நன்றிதான்... இப்படியே போனால் தாங்காது என்று யாரையோ பிடித்து, இங்ரிட்டைப் பிள்ளைகள் வார்டுக்கு மாற்றிவிட்டாள். முதல் நாள் காலை ஆறு மணிக்கு எட்டிப் பார்த்தாள். மருந்து நெடியை மீறி ஈர சிமெண்ட் வாசம் வந்தது. காலிக் கட்டில் ஒன்றின் ஓரத்தில் இங்ரிட் உட்கார்ந்திருந்தாள். மூன்று விரலால் வெறும் காற்றைப் பிடித்தபடி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து, காதைச் சாய்த்துக் கேட்டு, நோட்டில் எழுதினாள். நெடுநேரம் எழுதினாள்.

கிருபா அந்த நோட்டைத் திருடப் பார்த்தாள். கிடைக்கவில்லை. இன்னும் ஒரு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பிரிவு விழா. பட்டப்பகல் பதினொரு மணி, ஹால் நிறைய ஆள். இங்ரிட் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு. நார்வே போவதற்கான கடிதத்தை அன்றைக்கே மேடையில் கிருபாவிடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதைப் பார்க்கக் காக்கிச் சட்டையோடு அவள் அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் தமிழிலேயே நன்றி சொல்லப்போகிறேன் என்றாள் இங்ரிட். ஹாலே கைதட்டியது. கிருபா எழுந்து மேடைக்கு ஓடுவதற்குள் நோட்டைப் பிரித்துவிட்டாள்.

மைக்கில் வந்தது இருபது வயசுக் குரல் இல்லை.

"ஒடம்பு கொதிக்குது கண்ணு. கைய தொட்டுப் பாரு. கூப்ட்டேன், வரல. தட்டித் தட்டி கை ஓஞ்சி போச்சி. அஞ்சரைக்கு உசுரு போச்சி. ஆறு மணிக்கு எழுபத்தாறுன்னு எழுதிக்கினா. பேரு கிருபா."

கிருபா மேடைப் படியருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இங்ரிட் சிரித்த முகமாய் நின்றாள். நன்றிதானே சொன்னோம், இந்தப் பெண் ஏன் தரையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. சூப்பரின்டென்டன்ட் சந்திரிகா மேடம் ஆள் அனுப்பிப் பழைய சீட்டை எடுத்து வரச் சொன்னார். கிருபாவின் அப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

நார்வே போச்சு. படிப்பும் போச்சு. செய்த தப்புக்குப் பட்டுவிட்டாள், கணக்கு தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தீரவில்லை. விழா முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. சிட்லபாக்கத்தில் வீட்டோடு இருக்கிறாள். விடிகாலை ஆறு மணி ஆனால், படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து வலது கையை நீட்டிக்கொள்கிறாள். இழுத்துப் பார்த்தாலும் மடங்குவதில்லை. சுடச்சுட மூன்று விரல் மணிக்கட்டில் அழுந்துகிறதாம். காதோரம் ஒரு குரல் எண்ணுகிறதாம்... நிதானமாக, ஒரு நிமிடம் முழுசாக. டாக்டரிடம் காட்டியாயிற்று. ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. ஒரு குறையும் இல்லை என்கிறார்கள்.

முதல் நாள் அந்தக் குரல் எழுபதைத் தாண்டி எண்ணியதாம். தினமும் ஒன்று குறைகிறது.

இன்று காலை எதில் நின்றது என்று நானும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் நீங்களே சத்யபிரியாவைக் கேளுங்கள்.

"பதினொண்ணுண்ணா."