பாண்டிக்கு நான் தேர்ந்தெடுத்த மெஷின்

பழைய திக்னஸ் பிளானர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்டைத்தான் பார்க்கிறார்கள். அது தவறு, மேடம். பெயின்ட் அடிக்க ஒரு மத்தியானம் போதும். பார்க்க வேண்டியது உள்ளே சுழலும் உருளையை.

உங்களுக்கு மரவேலைப் பழக்கம் இருக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரடுமுரடான பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மெஷின் அதை உள்ளே இழுத்து, ஒரே கனத்தில் வழுவழுவென்று இழைத்து மறுபக்கம் தள்ளும். உள்ளே இருப்பது ஓர் இரும்பு உருளை. அதில் நீளமான பிளேடுகள். பிளேடுகளைப் பிடித்துக்கொண்டிருப்பவை சில போல்ட்டுகள். உருளை சுற்றுகிற வேகத்தில், அந்தப் போல்ட்டுகளை நம்பித்தான் எதிரே ஒரு மனிதர் நிற்கிறார். சுந்தரபாண்டியும் அப்படித்தான் நின்றார்.

நான் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நமசிவாயம் சார் இருந்தவரை ஆலையின் தவறால் ஒருவருக்கு விரல் நகம்கூடப் போனதில்லை என்று என் பிரிவுபசார விழாவில் மேனேஜர் பேசினார். உண்மைதான். விரல்கள் போனதுண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் தவறு தொழிலாளியுடையது என்று நான் அறிக்கை எழுதியிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு தென்காசி வீட்டில் கார் நிற்கும் இடத்தை மரப்பட்டறையாக மாற்றினேன். கார் வெயிலில் நின்றது. யூடியூபில் வெள்ளைக்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஒரு ஸ்டூல் செய்தேன். அதன் இணைப்புகளில் தலைமுடி நுழையாது. என் மனைவி முத்துவடிவு அதன்மேல் ஏறிப் பரணில் இருந்து அண்டாவை எடுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அது உட்காரவோ ஏறவோ செய்ததல்ல என்று விளக்கினேன். "அப்ப எதுக்குச் செஞ்சீய?" என்று கேட்டுவிட்டுப் பழைய பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடிப் போனாள்.

சுந்தரபாண்டி எதிர்வீட்டுக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். கடையத்துப் பக்கம் வயல் உண்டு, குத்தகைக்கு விட்டிருந்தார். சத்தமாகச் சிரிப்பார். பொழுது போகாமல் என் பட்டறையில் வந்து வேடிக்கை பார்த்தவர், பார்த்த வேகத்தில் தானும் ஒரு பட்டறை போட்டுவிட்டார். முதலில் செய்தது ஒரு பெஞ்சு. எங்கள் நடைப்பயிற்சிக் கழகத்துக்காகக் குளத்துக் கரையில் கொண்டுபோய்ப் போட்டார். ஒரு கால் குட்டை. அதற்கு டயர்த் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தார். கழகத்தார் எல்லோரும் அதில் உட்கார்ந்தார்கள். அதற்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது. பொன்னாடையை நான்தான் போர்த்த வேண்டும் என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். போர்த்தினேன்.

பொறாமை என்று எழுதினீர்களானால் அது சரியாக இருக்காது, மேடம். அந்தப் பெஞ்சின் கால்கள் சமமில்லை. நான் சொல்வது அதை மட்டுமே.

இரண்டு பேருக்கும் பிளானர் தேவைப்பட்டது. கையால் இழைத்து இழைத்து எனக்குத் தோள் போய்விட்டது. புதிய மெஷினுக்கு ஓய்வூதியக்காரன் ஆசைப்படக் கூடாது. அப்போதுதான் செங்கோட்டையில் முகம்மது மீரான் தன் பட்டறையை மூடிவிட்டு எர்ணாகுளத்தில் இருக்கும் மகனிடம் போகிறார் என்று பாண்டி சொன்னார். மீரானுடைய தம்பி பாண்டியோடு ஒரே ரெஜிமென்ட்டில் இருந்தவராம். அதனால் அங்கே இருந்த இரண்டு பிளானர்களில் பாண்டி முதலில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் இருப்பது எனக்கு என்று பேச்சு.

போனோம். ஒன்று துருப்பிடித்த பழைய ஜப்பான் மெஷின். மற்றொன்று பச்சை பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. பச்சைக்குக் கரன்ட் இணைப்பு கழற்றியிருந்ததால் மீரான் துருப்பிடித்ததை மட்டும் ஓட்டிக் காட்டினார். ஒரு தேக்குப் பலகையை விட்டார். மறுபக்கம் வந்ததைத் தடவிப் பார்த்தேன். எனக்கு அந்த மாதிரி ஓர் உணர்ச்சி என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை.

பாண்டிக்கும் காது இருந்தது. "அண்ணாச்சி, எனக்கு இந்தத் துருப்பிடிச்சவனத்தான் புடிச்சிருக்கு. சத்தத்தக் கேட்டீயளா? உறுமாமக் கொள்ளாமச் சீராப் போவுது. ஆனா நீங்க என்ன சொல்லுதியளோ அதான். நீங்க பாக்காத மெஷினா?"

நான் பச்சையின் மூடியைத் திறந்தேன். பாண்டி தன் செல்போனில் டார்ச் அடித்துப் பிடித்தார். உருளையைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். போல்ட்டுகளின் மரை தேய்ந்து போயிருந்தது. ஒன்று விரலுக்கே அசைந்தது. வெளிச்சம் நன்றாகத்தான் விழுந்தது. பாண்டியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்ப்பது வேறு, தெரிவது வேறு. மூடியைச் சாத்தினேன்.

"பாண்டி, துரு உள்ள இருந்து வாறது. வெளிய இவ்வளவு தெரியுதுன்னா உள்ள எவ்வளவு கெடக்கும்? பச்சைய எடும்."

"அப்ப உங்களுக்குத் துருப்பிடிச்சதுல்லா வரும்?"

"பரவால்ல. நீரு சின்னவரு, நல்லத நீரு எடும். நான் தேச்சுக் கழுவி வச்சுக்கிடுதேன்."

பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "பட்டாளத்துலகூட இப்பிடி விட்டுக்குடுத்த ஆளப் பாத்ததில்ல அண்ணாச்சி" என்றார். எனக்கும் ஒரு நிறைவு வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் நான் விட்டுக்கொடுத்ததாகவே எனக்கும் தோன்றியது.

அவர் லோடு ஆட்டோ கூப்பிடப் போனார். மீரான் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"சார், பச்சையப் பத்திச் சொல்லணும். பெயின்ட நம்பிராதீய. பிளேடு புடிக்கிற போல்ட்டெல்லாம் மரை தேஞ்சு கெடக்கு. புதுசு வாங்கி வச்சும் மாட்ட நேரமில்லாமப் போச்சு. இத மாட்டாம ஒரு பலககூட உள்ள விடப்படாது. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, பாண்டியண்ணன்கிட்ட நீங்க சொல்லிருங்க. நீங்க பெரிய மில்லுல சேப்டி பாத்தவுக, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"சொல்லிருதேன்" என்றேன்.

சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று நான் சாக்குச் சொல்ல மாட்டேன். செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை நேரம் இருந்தது. நான் முன்சீட்டில் இருந்தேன், பொட்டலம் மடியில் இருந்தது. பாண்டி பின்னால் நின்று இரண்டு மெஷினையும் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தார். என்னுடையதற்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்திருந்தார்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். அந்தப் போல்ட்டுகள் என் மெஷினுக்கும் சரியாகப் பொருந்தின. என் மெஷினில் இருந்தவை நன்றாகத்தான் இருந்தன. இருந்தாலும் புதியவற்றை மாட்டிக்கொண்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் அலட்சியம் காட்டுவதில்லை.

நான் எதிர்பார்த்தது என்ன என்று கேட்டீர்கள். பச்சை மெஷின் நடுங்கும், பலகை பாழாகும், பாண்டி சலித்துப்போய் வயலுக்குத் திரும்புவார். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு, சுழலும் உருளையிலிருந்து பிடி விட்ட இரும்பு எந்தப் பக்கம் பறக்கும், எவ்வளவு ஆழம் இறங்கும் என்று படம் போட்டு வகுப்பு எடுத்தவன் நான். அந்தப் படம் எனக்கு மறக்கவில்லை.

பச்சை மெஷினை முதலில் ஓட்டியபோது பாண்டியின் மனைவி வடிவம்மாள் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார். சுவிட்சை நான் போட வேண்டும் என்று பாண்டி பிடிவாதம் பிடித்தார். சுவிட்சு தூணுக்குப் பின்னால் இருந்தது, போட்டேன். அவர் மெஷினுக்கு நேர் எதிரே நின்றார்.

"லேசா நடுங்குதே அண்ணாச்சி?"

"புதுசா வச்ச எடம். பழகிரும்."

அது பழகத்தான் செய்தது. பாண்டி வாசற்கால் பலகை, பூஜை அலமாரி என்று தெருவுக்கே இழைத்துக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் மெஷினைக் காட்டி, "எங்க அண்ணாச்சி பாத்துக் குடுத்தது" என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. வாசலில் நின்று கூப்பிட்டார். "அயனிப் பலகை கொஞ்சம் கெடச்சிருக்கு அண்ணாச்சி. நல்ல கனம். இன்னைக்கு இழைக்கப் போறேன். கூட நின்னு பாருங்களேன்."

கனமான அயனிப் பலகை என்றதும் எனக்கு ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அப்படியே சொன்னேன்.

"குளிச்சிட்டு வாங்க. வரும்போது உங்களுக்கு ஒரு விஷயம் வச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

அன்று தண்ணீர் அருமையாக விழுந்தது. கூட்டமும் இல்லை. எண்ணெய் தேய்த்து நீண்ட நேரம் நின்றேன். திரும்பும்போது முத்துவடிவுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கினேன். தெருமுனைக்கு வரும்போதே பாண்டி வீட்டு வாசலில் ஆட்கள். பிளேடு பாண்டியின் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்து திரும்பிப் போய்விட்டது.

உங்களுக்கு முன் இருந்த அதிகாரி, இப்படிப்பட்ட விஷயம் தெரிந்தவர் யாரும் உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் மெஷினைச் சுற்றி வந்து பார்த்து, இயக்கியவர் நின்ற இடம் சரியில்லை, போல்ட்டுகளைச் சோதிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை என்று சொன்னேன். இரண்டுமே உண்மை. மீரான் எர்ணாகுளத்திலிருந்து போன் செய்து அழுதார். "நான் குடுத்துவிட்ட போல்ட்ட மாட்டாமலா ஓட்டிட்டாவ?" என்றார். "பாண்டி அவசரக்காரருல்லா" என்றேன். நடைப்பயிற்சிக் கழகத்தின் இரங்கல் கூட்டத்தில், வீட்டுப் பட்டறைகளில் பாதுகாப்பு பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். பாண்டி செய்த அந்தப் பெஞ்சில் ஏறி நின்று பேசினேன், கீழே இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வடிவம்மாள் அந்த அயனிப் பலகைகளை ஆள் வைத்து என் வீட்டுக்கு அனுப்பினார். பின்னாலேயே தானும் வந்தார். "உங்களுக்கு உளி சாமான் வைக்க அலமாரி செய்யணும்னுதான் அன்னைக்கு இழைச்சாவ. மெஷின் பாத்துக் குடுத்ததுக்கு ஏதாவது செய்யணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

கடைசிப் பலகையின் ஒரு முனையில் கறை இருந்தது. பழைய பிளானர்களில் பலகை வெளியேறும்போது முனையில் லேசாகப் பள்ளம் விழும், எப்படியும் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினேன். அலமாரி என் பட்டறையில் இருக்கிறது. நீங்கள் வந்தபோது உங்கள் தொப்பியை அதன்மேல்தான் வைத்தீர்கள்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். வடிவம்மாள் பச்சை மெஷினை விற்க நினைத்தார். கடையத்திலிருந்து முத்துச்செல்வம் என்று ஒருவர் வந்தார். உடைந்த பிளேடை மாற்றி ஓட்டிக்கொள்ளலாம் என்று அவர் எண்ணம். ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று என்னிடம் வந்தார். நல்ல பையன். அவனிடம் இருந்து எனக்கு வேண்டியது எதுவும் இல்லை.

"தம்பி, அதத் தொடாதேயும். மிச்ச போல்ட்டும் மரை தேஞ்சுதான் இருக்கு. செங்கோட்டையில வாங்கும்போதே அப்பிடித்தான் இருந்துச்சு. மாட்டுனா இன்னொரு உசுரு போயிரும்" என்றேன்.

அவன் முகத்தில் வந்த மாற்றத்தை நான் அப்போது நன்றி என்று நினைத்தேன். அவன் நேரே வடிவம்மாளிடம் போனான். வடிவம்மாள் மீரானுக்குப் போன் செய்தார். மீரான் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னார். எந்தப் பொட்டலமும் வரவில்லையே என்று வடிவம்மாள் சொன்னார். பிறகு நீங்கள் வந்து என் மெஷினின் மூடியைக் கழற்றச் சொன்னீர்கள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவருக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன், தெரிந்துதான் போல்ட்டுகளை வைத்துக்கொண்டேன், தெரிந்துதான் குளிக்கப் போனேன். எந்தப் போல்ட் முதலில் விடும் என்பதுகூடத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், மேடம். கடையத்துப் பையனிடம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இது எதுவும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஓர் உயிரைக் காப்பாற்றியதற்காகத்தான் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.