விழாமல் பார்த்துக்கொண்டேன்

வேலைக்கு நான் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை, இன்ஸ்பெக்டர் புவான். புக்கிட் செலம்பாவிலிருந்து கரங்கானுக்கு மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரம். மழை பிடித்தாலும் ஏழரைக்கு முன்னால் பக்கிரிசாமி ஐயா வீட்டுக் கதவைத் திறந்துவிடுவேன்.

ஐயா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். வாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை காலுக்கு மட்டும் உயிர் இருந்தது. மகள் ஷாமளாவுக்கு ஜொகூரில் வேலை. ராத்திரிக்கு ஐயாவின் தம்பி அழகேசன் வந்து படுத்துக்கொள்வார். பகல் முழுக்க, பராமரிப்பு ஏஜென்சி அனுப்பிய நான்தான்.

அதற்கு முன்னால் காளியம்மா என்கிற வயதானவரைப் பார்த்துக்கொண்டேன். நான் துணி காயப்போடப் போன நேரத்தில் அவர் தனியாக எழுந்து, குளியலறையில் வழுக்கி, இடுப்பை உடைத்துக்கொண்டார். ஏஜென்சி மேலாளர் சிவநேசன் திட்டவில்லை. அறிக்கைப் பாரத்தில் ‘விழுந்தார்’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, என்னை மூன்று மாதம் வீட்டில் உட்காரவைத்தார். திரும்பக் கூப்பிட்டபோது ஒன்றுதான் சொன்னார்.

“நவமணியக்கா, இந்தத் தடவ யாரும் விழக்கூடாது லா. இன்னொருத்தர் விழுந்தா நம்ம லைசென்ஸ் போயிடும்.”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஐயா அடிக்கடி எழப் பார்த்தார். ஜன்னலுக்கா, குளியலறைக்கா, தெரியாது. கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டேன். அதன்மேல் காலைப் போட்டார். அதனால் பழைய கைலி ஒன்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டிலோடு கட்டினேன். முடிச்சை அவர் கை எட்டாத பக்கம் வைத்தேன். தோல் கன்றியதும் பவுடர் போட்டேன். பிடிக்காமல் இடது கையால் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று அந்தக் கையையும் கட்டினேன். சாயங்காலம் அழகேசன் வருவதற்குள் அவிழ்த்துவிடுவேன்.

அப்படியும் முனகினார். சளி மாத்திரையில் தூக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். பொடித்துக் கஞ்சியில் கலந்தேன். முதலில் மதியம் மட்டும். பிறகு காலையிலும்.

மாதம் ஒருமுறை ஏஜென்சியிலிருந்து சந்திரிகா சோதிக்க வருவாள். முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுவாள். அன்று கட்டும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. விரிப்பை மாற்றி, ஐயாவுக்குச் சவரம் செய்துவைப்பேன். சட்டையைத் தூக்கிப் பார்க்கும் கட்டம் பாரத்தில் இல்லை.

மார்ச்சில் வந்தபோது ஐயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இழுத்து இழுத்துத் தன் இடுப்பில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

“என்னக்கா சொல்றாரு?”

“மக ஞாபகம் வந்துருச்சு. பொம்பளப் புள்ளைங்களப் பாத்தா இப்படித்தான்.”

சந்திரிகாவுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் தலையைத் தடவிக்கொடுத்து, எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டாள். அவள் கார் போகும்வரை ஐயா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு முனகுவதையும் நிறுத்திவிட்டார். ஆனாலும் நான் மாத்திரையை நிறுத்தவில்லை. பழக்கமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு மயக்கம் தெளியவேயில்லை. மயக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் பத்தரைக்குச் சாப்பிட்டார் என்று பாரத்தில் எழுத வேண்டுமே. மூன்றாவது கரண்டியில் புரையேறியது. இருமத் தெம்பில்லை. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது.

அப்போது மூச்சு இருந்தது, புவான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் கட்டோடு பார்க்கக்கூடாது என்று முதலில் கைலியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்ததால் நேரமாயிற்று. விடுபட்ட இடது கை என் சட்டையைப் பற்றிக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வாயைத் துடைத்து, வேறு சட்டை போட்டுவிட்டேன். கிண்ணத்தைக் கழுவினேன். பாரத்தை எழுதி முடித்தேன். அதன் பிறகுதான் போன் செய்தேன். அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

சாவு வீட்டில் ஷாமளா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுப்புத் தழும்பைக் குறித்துவைத்தது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

“அப்பா கஷ்டப்பட்டாராக்கா?”

“இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு.”

“பெத்த மக நான் செய்ய வேண்டியத நீங்க செஞ்சீங்க,” என்று என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், புவான். கட்டியது நான். மாத்திரை கொடுத்தது நான். மூச்சு இருக்கும்போதே கூப்பிடாமல் இருந்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் நன்றியை மட்டும் நான் ஏமாற்றி வாங்கியதாக எழுதாதீர்கள். பத்து மாதம் அவள் அப்பாவை என்னைப் போல வேறு யார் பார்த்துக்கொண்டார்கள்?