பூஜ்யம் காட்டிய காற்று

எனக்கு டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். மற்றபடி யாரையும் எதற்கும் வற்புறுத்துகிறவன் அல்ல நான். 'துடுப்பு' என்ற கணினி நிரல்மொழியைத் தமிழில் உருவாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தவன். பழவேற்காட்டில் எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

திறந்து வைத்தால் ஆளாளுக்கு அதைச் சேர், இதைச் சேர் என்பார்கள். அதனால் எங்கள் கோட்டைக்குப்பத்து வழக்கத்தையே கொண்டுவந்தேன். பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை விடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. முறை வந்தவர்தான் வலையோடு இறங்கலாம். மொழியில் புது வசதி கேட்பதற்கும் அப்படியே. பாடு யார் யாருக்கு என்பதை மட்டும் நான் தீர்மானித்தேன்.

எங்கள் ஊர் நிவேதாவுக்குப் பாடு இல்லை. அவள் அப்பா சடையன் கையால் தடவி இறால் பிடிப்பவர். வலையில்லாத வீட்டுக்கு ஏரியிலேயே பாடு கிடையாது, மொழியில் எப்படித் தருவது? ஆனாலும் கெட்டிக்காரப் பெண். முகத்துவாரத்துக் காற்றுமானி சொல்வதை விடியற்காலையில் எல்லோர் செல்லுக்கும் அனுப்பும் நிரலைத் துடுப்பில்தான் எழுதியிருந்தாள். கருவி பழுதாகி அளவே வராவிட்டால் துடுப்பு அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அதை மாற்றச் சொன்னாள்.

"தெர்லன்னா தெர்லன்னு சொல்லணும்ணா. எங்க நைனா அத்த பாத்துனுதான் ஏரில எறங்குது."

பாடு வரட்டும் என்று சிரித்த முகமாகவே சொன்னேன். அந்த மாதம் எழுத்துகளை மயில்கழுத்து நிறத்தில் காட்டும் வசதியைச் சேர்த்தோம். கேட்டவன் என் மைத்துனன் முரளி.

ஐப்பசியில் ஒரு விடியலில் "காற்று இல்லை" என்று செல்லில் வந்தது. கடலிலிருந்து அப்போதுதான் கரையேறிய முரளி, முகத்துவாரத்தில் காற்று ஆளைத் தூக்குகிறது என்று போன் செய்தான். கருவி படுத்துவிட்டது என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்து என் வாசலைத் தாண்டித் தோணிக்குப் போனார் சடையன்.

"காத்து இல்லன்னு வந்துகீதுப்பா" என்று செல்லைக் காட்டினார். மகள் செய்தது என்ற பெருமை முகத்தில்.

போய்ட்டு வாங்க என்றேன்.

தடுத்திருந்தால், அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று ஊரே பேசியிருக்கும். அப்புறம் முறையை யார் மதிப்பார்கள்?

மத்தியானம் ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவுப் பக்கம் அவர் உடல் ஒதுங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அளவு வராவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்லும் வசதியை மறுவாரமே துடுப்பில் சேர்த்துவிட்டேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை, நானாகவே செய்தேன்.