ஈரத் தோல்

நனைந்த தோல் ஜக்கெட்டை ஹீற்றரில் போடக்கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. சூடு பட்டால் தோலின் எண்ணெய்ப்பசை வற்றி, மடிப்புகளில் வெடிப்பு விழும். உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, அகலமான ஹாங்கரில் மாட்டித் தானாகக் காயவிட வேண்டும். பிறகுதான் கிறீம் பூசலாம்.

நீங்கள் கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். மொழிபெயர்க்கிற பிள்ளை ஒன்றையும் விடாமல் சொல்லட்டும்.

அந்த ஜக்கெட்டை நான் பாரிசில் ரெஸ்ரோரன்ற் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில் வாங்கினேன். லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்த பிறகும் அதில் ஒரு கீறல் விழ விடவில்லை. என் மனைவி தயாளினியின் தம்பி யனுஷன், சுவிஸிலிருந்து வந்து எங்களோடு தங்கினான். கேட்காமலே அதைப் போட்டுக்கொண்டு போவான். மழையில் நனைத்துக்கொண்டு வந்து ஹீற்றர் மேல் எறிவான். கொலர் வெடித்தது.

"தம்பி, இதை இப்பிடிக் காயவைக்க ஏலாது" என்றேன்.

"எங்கடை அக்காவை இவ்வளவு கவனமாப் பாத்திருந்தால் நல்லாயிருக்கும், அத்தான்" என்றான். தயாளினியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை, ஸ்னோ கொட்டி பஸ் ஒன்றும் ஓடாத அன்று, தயாளினி வேலைக்கு நடந்தே போய்விட்டாள். குப்பை போடப் பின்வளவுக்குப் போனேன். ஷெட்டுக்குப் பின்னால் யனுஷன் விழுந்து கிடந்தான். ஐஸில் வழுக்கியிருக்கிறான். ஒரு கால் பார்க்கக்கூடாத விதமாக மடிந்திருந்தது. அவன் போட்டிருந்த என் ஜக்கெட் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

"அத்தான், எழும்ப ஏலாமல் கிடக்கு. அம்புலன்சுக்கு அடியுங்கோ."

"ஓம், அடிக்கிறன். முதல் இதைக் கழட்டுவம்" என்றேன்.

உள்ளே மெல்லிய ரீசேட் மட்டும் போட்டிருந்தான். அவன் போன், உடம்புக்கடியில் அகப்பட்ட ஜக்கெட் பொக்கற்றில் இருந்தது. பாரமான பொருள் கிடந்தால் பொக்கற் தொய்ந்துவிடும். ஜக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, போனை எடுத்து மேசையில் வைத்தேன். சேற்றைத் துடைத்தேன். ஜக்கெட்டின் கைகளுக்குள் பேப்பர் திணித்தேன். இதெல்லாம் ஆறுதலாகச் செய்கிற வேலை. அவன் கூப்பிடுவது கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தியிருந்தேன். குளிர்காற்றும் தோலுக்குக் கூடாது.

மேசையில் அவன் போன் அடித்து ஓய்ந்தது. பிறகு என் போனில் தயாளினி வந்தாள்.

"தம்பி போன் எடுக்கிறானில்லை. வீட்டிலையோ?"

"இல்லை, வெளியிலை நிக்கிறான்" என்றேன். அது பொய்யில்லை.

பின்னேரம் அவள் வந்துதான் அவனைக் கண்டாள். அதற்குள் ஸ்னோ அவனை மூடியிருந்தது.

நான் அவனைத் தள்ளினேன் என்று தயாளினி பொலிஸ் ஸ்டேசனில் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது அநியாயம். அவன் தானாகத்தான் விழுந்தான். நான் அவனை அடிக்கவுமில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவுமில்லை. கழற்றும்போது அவன்தான் ஜக்கெட்டின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அப்போதும் நான் முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. தோலில் நகம் படாதபடி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக விரித்துவிட்டேன்.