பாலிசி நம்பர் வரட்டும்

அக்கா ஆம்புலன்ஸுக்கு நம்பர் அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி அலமாரி மேல் வைத்தேன். அதை நான் மறுக்கவில்லை, சார். காலை மணி பத்து இருக்கும். அத்தான் சோபாவில் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எதையும் வண்டி பாஷையில்தான் பேசுவார்.

“மச்சான், நெஞ்சுல எவனோ ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டாண்டா.”

“வாயுதான் அத்தான். ஏப்பம் வந்தா சரியாயிடும்.”

பன்னிரண்டு வருடமாக டெர்ம் இன்ஷூரன்ஸ் விற்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அதே நாலு கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவுக்கு எடுக்கலாம், சிகரெட் பழக்கத்தைச் சொல்லணுமா, இப்படி. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணும் ஆகாம உயிரோட இருந்துட்டா என்ன கிடைக்கும்?” என்பார்கள். ஒண்ணும் கிடைக்காது என்பேன். முகம் சுருங்கிவிடும். அத்தானும் அதைத்தான் கேட்டார். இருந்தாலும் என் முகத்துக்காக ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தாயிற்று. பாலிசி நம்பர் அன்றைக்கு வரவேண்டும்.

நம்பர் வருவதற்குள் உடம்புக்கு ஏதாவது வந்தால் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பாலிசி கிடையாது. மறைத்தாலும் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் காட்டிக்கொடுத்துவிடும். வலி எப்போது ஆரம்பித்தது என்பதைத்தான் முதலில் எழுதுவார்கள்.

இதை அக்காவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன்.

“பயமா இருக்குடா தம்பி. அவர் கை சில்லுனு இருக்கு.”

“எனக்கு மட்டும் பயமில்லையா? ரெண்டு பொண்ணுங்கள நெனச்சுப் பாரு. மெசேஜ் என் போனுக்குத்தான் வரும். வந்த அடுத்த நிமிஷம் கிளம்பறோம். வலி இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.”

அவள் நம்பினாள். நான் சொல்லி அவள் எதையும் நம்பாமல் இருந்ததில்லை.

அத்தான் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் இல்லை என்றேன். ஒரு மணிக்குப் பேச்சு குழறியது. இரண்டரைக்கு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். தினம் பத்துப் பேருக்குப் பயம் தெளியவைத்த மனுஷன்.

“எனக்குப் பாலிசியே வேணாம்டா. என்னக் கூட்டிட்டுப் போடா.”

“இதோ வந்துரும் அத்தான்.” போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு, மெசேஜ் வந்துவிட்டது என்றேன். ஆம்புலன்ஸை நானே கூப்பிட்டேன். வழியிலேயே போய்விட்டார்.

அக்கா ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மெசேஜ் அனுப்ப இத்தனை நேரமா என்று கம்பெனியைச் சபித்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஜெயில் பயமில்லை, சார். அந்தக் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வருவதுதான் பயம்.

என் போன் உங்கள் மேசையில் இருக்கிறது. மெசேஜ் வந்த நேரத்தைப் பாருங்கள். காலை பதினொன்று இருபது.

அப்போதே கிளம்பியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். நெஞ்சுவலிக்காரரிடம் அதற்கப்புறம் யார் வண்டி கற்றுக்கொள்ள வருவார்கள்? பிழைத்திருந்தால் அக்காவுக்கு என்ன கிடைத்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.