மாறும்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது சுஜா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கொட்டாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு பஸ் ஏறி வந்தாலும் நேரம் தவறமாட்டாள். முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"சாருக்குக் காய்ச்சல் மாறிட்டா?"

"மாறிட்டு."

அன்றுதான் முதல் மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். ஜூன் மாதம். இன்ஸ்பெக்டர், நீங்கள் குரலை உயர்த்தியதால் இதைச் சொல்கிறேன் என்று எழுத வேண்டாம். எனக்கு மறைக்க எதுவுமில்லை.

சுஜாவுக்குப் பெருங்குடலில் புண். உடம்பின் காவலே குடலைத் தாக்கும் நோய். முழுதாகத் தீராது. மாத்திரையில் அடங்கிக் கிடக்கும், விட்டால் சீறும். சீறுவதற்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தில் ஒரு மைக்ரோஆர்என்ஏ கூடுகிறது என்பது என் கணிப்பு. மரபணுவின் பேச்சை அடக்கும் மிகச் சிறிய துணுக்கு அது. அதை முன்கூட்டியே அளந்தால் எத்தனையோ பேரின் குடலைக் காப்பாற்றலாம். நிரூபிக்க எனக்குத் தேவைப்பட்டது, அடங்கியிருந்த நோய் சீறும் ஒருவரின் ரத்தம். வாரந்தோறும்.

சுஜாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் எபினின் நோயாளிகள் யாருக்கும் சீறவில்லை. எபின் என்னோடு பள்ளியில் படித்தவன். ஆஸ்பத்திரி கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"எனக்க பேஷண்டுக்குச் சொகக்கேடு வரலியேன்னு ஒருத்தன் கவலப்படுகான், பாத்தியளா? ஏலே குமாரதாசு, நீ அருமனை ரப்பர் தோட்டத்துல அட்டையாப் பொறந்திருக்க வேண்டியவன்லே."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொண்டதாக நினைக்கிறீர்கள். இல்லை. அவனுடைய நோயாளிகளில் நான் சொன்னதைக் கேட்கக்கூடியவர் யார் என்று அதன் பிறகு யோசித்தேன், அவ்வளவுதான்.

டப்பாவில் இருந்தது வெறும் மாவு. பழைய மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். எபினிடம் சொல்ல வேண்டாம், அவனுக்கு என்மேல் பொறாமை என்றேன்.

"இதுல மாறுமா சார்?"

"மாறும்."

இந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் மதுரைக்காரர்; உங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நோய் குணமானால் மாறிவிட்டது என்பார்கள். அந்த அர்த்தத்தில் நான் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் வெளியூரில் இருந்தவன், ஊர்ப்பேச்சு மறந்துவிட்டது. ரத்தத்தில் அளவு மாறும் என்றேன். மாறியது. நான் பொய் சொல்லவில்லை.

ஆடி கடைசியில் அவள் ரத்தத்தில் அந்தத் துணுக்கு கூடத் தொடங்கியது. நான் கணித்தபடியே. அவளுக்கு அப்போது ஒரு தொந்தரவும் இல்லை. கடையில் நின்று சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பில் வரப்போவது அவளுக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. அன்றே பழைய மாத்திரையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்கிறீர்கள். கொடுத்திருந்தால் சீறியிருக்காது. சீறாவிட்டால், கூடியதற்கு என்ன பொருள்? எபின் மறுபடியும் சிரிப்பான்.

பிறகு ஒருநாள் போன் செய்தாள்.

"சார், ரத்தம் போகுது."

"கூடுதலா?"

"கடையில நிக்க முடியல. டாக்டர்ட்ட போவட்டா?"

"பொறு மக்கா, மாறும்."

பொறுத்தாள். வாரம் தவறாமல் வந்து கையை நீட்டினாள். கடைசி முறை கையில் நரம்பு கிடைக்கவில்லை. பாதத்தில் குத்தி எடுத்தேன். "சார் கஷ்டப்படண்டாம், மெதுவா எடுங்க" என்றாள். என் ஆய்வில் மிகச் சுத்தமான ரத்த மாதிரி அதுதான்.

மறுநாள் குடல் வீங்கி ஓட்டை விழுந்தது. எபின்தான் அறுவைக்கு அனுப்பியிருக்கிறான். பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். வெளிக்குப் போவதற்கு வயிற்றில் ஒரு பை, ஆயுள் முழுக்க. எடுத்த குடலில் ஒரு துண்டு வேண்டும் என்று நான் ஆளனுப்பினேன். யாரும் சொல்லாமல் எனக்கு எப்படித் தெரிந்தது என்று எபின் அங்கேதான் சந்தேகப்பட்டான். ஒரு நாள் பொறுத்திருக்க வேண்டும். தவறு என்றால் அதைத்தான் சொல்வேன்.

நேற்று அவள் என்னை அடையாளம் காட்டுவதற்காக வார்டுக்குக் கூட்டிப்போனீர்கள். அவள் அம்மா தாணம்மாள் செருப்பைக் கழற்றினாள். நீங்கள் தடுக்கவில்லை.

"ஏலே, ஒனக்க வீட்டுல பொம்பளப்பிள்ள இல்லியாலே? அவளுக்க வயித்தப் பாருலே!"

முதல் அடி தோளில் விழுந்தது. சுஜா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். போர்வையை விலக்கினாள். பை பாதி நிரம்பியிருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

"சாருக்குக் காய்ச்சல் அன்னைக்கே மாறிட்டுல்லா," என்றாள். "எனக்கு இது எப்ப மாறும்?"